நான், அது, ஒரு பெரிய எழுத்து

ஜெர்மனில் 'நான்' என்பதற்கு 'இஹ்'. நாக்கை மேலண்ணத்துக்கு அருகே தூக்கிக் கொஞ்சம் காற்றை விட்டால் போதும். சூடான காபியை ஊதுகிற சத்தம். மழலை மாறாத பிள்ளை வாயிலும் புழங்கும் இந்தச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, முன்னால் 'டாஸ்' (ஆங்கிலத்தின் 'தி' போல) சேர்த்தார் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட். மனத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அடியில் புரளும் வேட்கைக்கு 'டாஸ் எஸ்', அதாவது 'அது'. ஜெர்மனில் மழை பெய்வதும் 'எஸ்'தான். குழந்தையும் 'எஸ்'தான், நாம் 'குழந்தை அழுகிறது' என்கிற மாதிரி.

இதை ஆங்கிலமாக்குவது லேசில்லை. ஆங்கிலத்தில் 'ஐ' எப்போதுமே பெரிய எழுத்து. ஃபிராய்டின் வித்தை அங்கே பலிக்காது. 'தி ஐ' என்று வாய்விட்டுப் படித்தால், கண்ணைச் சொல்கிறாரோ என்று கேட்பவர் முழிப்பார். இந்தப் பெயர்களைச் சொல்லி 1923-இல் வந்த ஃபிராய்டின் நூலை 1927-இல் மொழிபெயர்த்த ஜோன் ரிவியர் லத்தீன் பக்கம் ஒதுங்கினார்: ஈகோ, இட். லத்தீனிலும் அவை வெறும் நானும் அதுவும்தான். ஆங்கிலக் காதுக்கோ மருந்துக்கடை வாடை. வீட்டுச் சொல்லின் சூடு போய்விட்டதென்று உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் வருந்தியது நியாயமே. ஆனாலும் அந்த 'இட்' மேல் எனக்கு ஒரு பிரியம். 'எஸ்' போலவே இரண்டே எழுத்து. ஆங்கிலத்தின் 'இட்'டுக்கு, அதாவது சாதாரண 'அது'வுக்கு, கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. காதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈகோவோ எங்கள் தெரு டீக்கடை வரை வந்துவிட்டது: "அவனுக்கு ரொம்ப ஈகோ சார்!"