வினையும் நிலமும்: மூன்று அதிரடிக் காணொளி விளையாட்டுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

காணொளி விளையாட்டு ஒன்றைப் புதிதாக ஆடி முடித்தவர் எழுதும் மனப்பதிவுகள் பெரும்பாலும் காட்சியின் அழகு, சண்டையின் விறுவிறுப்பு, கதையின் தரம் ஆகிய மூன்றைத் தொட்டு நின்றுவிடுகின்றன. மனப்பதிவு எழுத்து தன்னளவில் தாழ்ந்ததன்று. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா அலசல் முறைத் திறனாய்வை வலியுறுத்தினார், க.நா. சுப்ரமண்யமோ தேர்ந்த வாசகரின் ரசனையையே அளவுகோலாகக் கொண்டார். அவ்விரு நிலைகளுக்கும் தமிழில் இன்றும் இடமுண்டு. ஆனால் விளையாட்டைப் பற்றிய மனப்பதிவுகளில் ஒரு தனிக்குறை காணப்படுகிறது. அவை கண்ணின் பதிவுகளாகவே அமைகின்றன. கையின் பதிவுகளாக அமைவதில்லை. பத்து மணிநேரம் ஓர் ஆட்டத்தை ஆடியவர் அந்த நேரம் முழுதும் எதையோ செய்துகொண்டிருந்தார். அச்செயல் எது, அது நிகழும் நிலத்துக்கும் அதற்கும் உறவு உண்டா என்னும் வினாவை அவர் எழுப்புவது அரிது.

இவ்வினாவை எழுப்புவதற்குத் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் ஒரு கருவி உள்ளது. தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு 'செய்தி' என்பதையும் வைக்கிறார். உரையாளர்கள் இதற்குத் தொழில் எனப் பொருள் கொள்வர். தினை விளைவதைப் போலவே தினைப்புனம் காத்தலும் குறிஞ்சிக்கு உரியது. மரமும் பறவையும் மட்டும் ஒரு நிலத்தை அந்நிலமாக்குவதில்லை. அங்கு மனிதர் செய்யும் வினையும் சேர்ந்தே ஆக்குகிறது. அதிரடி விளையாட்டு என்பது வினையால் மட்டுமே இயங்கும் கலை. ஆகவே ஓர் ஆட்டம் ஓர் ஊரைக் களமாகக் கொள்ளும்போது, அவ்வூரின் மரமும் கட்டடமும் மட்டும் வந்து சேர்ந்தனவா, அவ்வூரின் வினையும் வந்ததா என்று பார்ப்பது பொருத்தமான அளவையாகும்.

இவ்வளவையைத் தீட்டிக்கொள்ளச் சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் நல்ல உரைகல். அங்கே இருவகை நிலங்கள் அருகருகே உள்ளன. ஒன்று பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இ.வி.பி. திரைப்பட நகர். தமிழ்ப் 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் வீடு அங்குதான் அமைக்கப்பட்டது. ஒட்டுப்பலகையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கொண்டு எழுப்பப்படும் படப்பிடிப்பு அரங்குகளுக்குக் கேமரா பார்க்கும் முகப்பு மட்டும் போதும், பின்புறம் சாரக்கட்டை. மற்றொன்று 24 அடி முழுக்கொள்ளளவு மட்டமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய ஏரி. அதற்கு முகப்பு என்று ஒன்றில்லை. கரை, மதகு, உபரிநீர்ப் போக்கி, வரத்துக்கால் என ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகவே இருக்கிறது. அதிரடி விளையாட்டுகளின் நிலங்கள் அரங்கின் வகையைச் சேர்ந்தனவா, ஏரியின் வகையைச் சேர்ந்தனவா?

அன்சார்ட்டட்: ஏறுதலும் வலம்வருதலும்

நாட்டி டாக் நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி' மேற்குத் தொடர்ச்சி மலையையும் போசளப் பேரரசையும் களமாகக் கொண்டது. குளோயி ஃபிரேசர், நதீன் ராஸ் என்னும் இரு பெண்கள் விநாயகரின் தந்தத்தைத் தேடி மறைந்துபோன ஹளேபீடு நகரை அடைவதே கதை. பரசுராமர் எறிந்த கோடரியை விநாயகர் தம் தந்தத்தில் ஏற்ற புராணக்கதை ஆட்டத்தின் நடுநரம்பாக இழையோடுகிறது. அக்கதையை இருவரும் பேசிக்கொள்ளும் இடங்கள் நயமானவை. மலைச்சரிவில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு அருவிகளுக்கிடையே விருப்பம்போல் திரியவிடும் நெடிய பகுதி, பிற அதிரடி ஆட்டங்களில் எளிதில் கிடைக்காத ஓய்வைத் தருகிறது. முதன்முறை ஆடும் தென்னிந்தியர் எவருக்கும் அங்கே ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. பெருமிதம் தணிந்தபின் கையைக் கவனிக்க வேண்டும்.

கை இங்கே செய்வன விளிம்பைப் பற்றி ஏறுதல், கயிற்றில் ஊசலாடுதல், மறைந்திருந்து சுடுதல் ஆகியவை. 2007இல் வந்த முதல் 'அன்சார்ட்டட்' தொடங்கி இத்தொடரின் முதன்மை வினைகள் இவையே. 2016இல் வந்த நான்காம் ஆட்டத்தில் மடகாஸ்கரின் மீது செய்யப்பட்டவையும் இவையே. நிலம் மாறியது, வினை மாறவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு வினை இக்கூற்றை இன்னும் உறுதிப்படுத்துகிறது: அழகிய இடங்களில் குளோயி தன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கலாம். அது சுற்றுலாப் பயணியின் வினை. நேர்மையான வினை என்றும் சொல்லலாம். ஆட்டம் தன்னையறியாமல் தன் நிலைப்பாட்டை அங்கே ஒப்புக்கொள்கிறது.

மெய்யான ஹளேபீடு மலைக்காட்டுக்குள் மறைந்திருப்பதன்று. அது மலைத்தொடருக்குக் கிழக்கே ஹாசன் மாவட்டத்து மேட்டுநிலத்தில், பேருந்து செல்லும் ஊராக இருக்கிறது. விளையாட்டு அதை இடம்பெயர்த்ததைக் குற்றமாகக் கொள்ளத் தேவையில்லை. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. கவனிக்க வேண்டியது அளவு மாற்றம். ஆட்டத்தில் மலையளவு உயர்ந்த தெய்வச் சிலைகள் நிற்கின்றன. போசளக் கலையின் மேன்மையோ அதன் சிறுமையில் உள்ளது. 1121ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்ட போசளேசுவரர் கோயிலில் மாக்கல்லின் மென்மையைப் பயன்படுத்தி நகை செதுக்குவதுபோல் செதுக்கினர். அடியில் யானைவரிசை, அதன்மேல் பிற வரிசைகள், அவற்றினிடையே இராமாயண பாரதக் காட்சிகள் எனச் சுவர் முழுதும் ஓடுகின்றன. கோயிலைத் தாங்கும் நட்சத்திர வடிவ மேடை சுவரை ஒட்டி நடப்பதற்கு வழிவிடுகிறது. அக்கதைகளைப் படிக்க நடக்கவே வேண்டும். அக்கட்டடம் கேட்கும் வினை வலம்வருதல். ஆட்டம் அதே கல்வரிசையைக் கைப்பிடியாக்கி மேலே ஏறச் சொல்கிறது. நின்று படிக்க வேண்டிய சிற்பம் கால் வைக்கும் படியாகிறது. இவ்வாட்டத்தின் மீதான முதன்மைக் குறை இதுவே. வலம்வருதலை ஒரு புதிராக்குவது இந்த ஆக்குநர்களின் திறமைக்கு எட்டாததன்று என்பதால் குறை கூடுதலாக உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. ஹளேபீட்டின் பழம்பெயர் துவாரசமுத்திரம். அப்பெயர் அங்கிருந்த பேரேரியால் வந்தது. தலைநகர் தோன்றுவதற்கு முன்பே ஏரி தோன்றிவிட்டது. ஏரியின் பெயரையே தலைநகரின் பெயராகக் கொண்டவர்களின் பேரரசு பற்றிய ஆட்டத்தில் நீர் பெரும்பாலும் அருவியாகக் கொட்டி அழகு காட்டுகிறது. தேக்கி ஆளப்படும் நீராக மனத்தில் பதிவதில்லை. திருச்சிக்கு அருகே கண்ணனூரில் இரண்டாம் தலைநகர் அமைத்துக் காவிரிக்கரை அரசியலில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கைவைத்திருந்த அரசமரபு இது. தமிழ்க் கல்வெட்டுகளில் பழகியவர்க்கு இவ்வரசு மறைந்துபோன மர்மமாகத் தோன்றாது.

ஹிட்மேன் 2: தொழிலே வேடமாதல்

ஐஓ இன்டராக்டிவ் நிறுவனத்தின் 'ஹிட்மேன் 2' 2018 நவம்பரில் வந்தது. அதன் மும்பைக் கட்டம் இங்கே எடுத்துக்கொண்ட மூன்றனுள் மிகக் கூர்மையானது. பின்தலையில் பட்டைக்கோடு பொறித்த மொட்டைத்தலைக் கொலையாளி ஒருவன் மூன்று இலக்குகளைத் தேடி நெரிசல் மிக்க தெருக்களில் நுழைகிறான். மக்கள் அனைவரும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றனர். காதுக்கு இது முதல் ஏமாற்றம். இலக்குகளுள் ஒருவர் தம்மையே நாயகனாக்கிப் படம் எடுக்கும் பெருஞ்செல்வர். அந்தப் படப்பிடிப்பு அரங்கும் ஆட்டத்துள் உள்ளது. செம்பரம்பாக்கத்து அரங்குகளைப் போல முன்புறம் மட்டும் உடைய அரங்கு அது. ஆனால் கொலையாளி பின்புறம் வழியாகவும் நுழையலாம் என்பதால், விளையாட்டு தன் அரங்கின் சாரக்கட்டையையும் காட்ட வேண்டியதாகிறது.

இங்கே முதன்மை வினை உடை மாற்றுதல். சலவைத் தொழிலாளியின் உடையை அணிந்தால் சலவைக்கூடம் திறக்கிறது. தையற்காரரின் உடையில் ஓர் இலக்குக்கு அளவெடுக்கலாம். நாவிதரின் உடையில் இன்னோர் இலக்கின் கழுத்தருகே சவரக்கத்தியோடு நிற்கலாம். உடையை மாற்றியவுடன் அவன் முகத்தை எவரும் பார்ப்பதில்லை. வெள்ளையன் ஒருவன் மும்பையில் சலவைத் தொழிலாளியாக நடமாடுவதை யாரும் கேளாதிருப்பது நகைப்புக்குரியதே. ஆயினும் அந்நகைப்புக்கு அடியில் இச்சமூகம் பற்றிய ஓர் உண்மை கிடக்கிறது. பணி செய்ய வருபவரின் முகத்தை நோக்காத பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று; கழுத்தில் கத்தி வைக்கும் நெருக்கம் உள்ளவரையும் பெயரறியாது அனுப்பிவைக்கும் பழக்கம் அது. ஆட்டத்தின் விதி ஒன்று இவ்வுண்மையை இன்னும் ஆழப்படுத்துகிறது. வேடத்தைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அதே தொழிலில் உள்ளவர்கள், சிறப்பாக மேற்பார்வை செய்பவர்கள். உடன்பணியாளர் மட்டுமே முகத்தை அறிவார்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் துறவியின் கோலத்தை ஒற்றனுக்குரியதாகச் சொல்வது நினைவுக்கு வரலாம். அங்கே மதிப்பு மறைக்கிறது. இங்கே மதிப்பின்மை மறைக்கிறது. ஆக்குநர்கள் இதைத் திட்டமிட்டே செய்தனர் என்று கூறத் தேவையில்லை. பாரிஸ் கட்டத்திலும் இதே விதிதான் இயங்குகிறது. ஆனால் மும்பையில் அவ்விதி நிலத்தின் செய்தியோடு பொருந்திவிடுகிறது. 'அன்சார்ட்ட'டில் நிகழாதது இங்கே ஏறக்குறைய தற்செயலாக நிகழ்ந்துள்ளது.

ராஜி: கூத்தாடியின் உடல்

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு குழு 2020இல் வெளியிட்ட 'ராஜி' சில மணிநேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். கதை முடிவதற்கு முன் ஆட்டம் முடிந்துவிடுகிறது என்று சொல்வதே சரி. சண்டை சில இடங்களில் தடுமாறுகிறது. எதிரிகளின் வகை குறைவு. முன்னிரண்டின் பொருள்வளம் இதற்கு இல்லை.

ஆயினும் வினையின் தேர்வில் இது முன்நிற்கிறது. அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடும் ராஜி ஒரு கழைக்கூத்தாடிப் பெண். தூணைப் பற்றிச் சுழன்று தாக்குவதும் சுவரில் ஓடித் திரும்பிப் பாய்வதும் அவள் தொழிலிலிருந்து வருபவை. போருக்கென்று கற்றவை அல்ல அவை. பிழைப்புக்காகத் தெருவில் செய்தவை. துர்க்கை அளிக்கும் சூலம் பின்னரே வருகிறது. உடல் முன்னரே தயாராக உள்ளது. கதைப்பகுதிகளை நிழற்பாவைகளால் சொல்வதும் இதனோடு இசைகிறது. தோற்பாவைக்கூத்து அறிந்த தமிழர்க்கு அது அயலானதாகத் தோன்றாது. தம்பியின் பெயர் கோலு. துர்க்கை துணைநிற்கும் கதையில் அப்பெயரைக் கேட்கும் தமிழர் நவராத்திரிக் கொலுவை எண்ணாமல் இருக்க முடியாது. ஆக்குநர்கள் அதைக் கருதியதாகத் தெரியவில்லை என்றாலும்.

ஒரு குறை மட்டும் குறிக்கத்தக்கது. ராஜி செல்லும் கோட்டைகளிலும் மாளிகைகளிலும் வேலை செய்யும் மனிதர் காணப்படுவதில்லை. இராஜஸ்தானக் கட்டடக்கலையை ஒட்டி வரையப்பட்ட அவ்விடங்கள் ஓவியமாக நிற்கின்றன. செய்தி உடலில் உள்ளது, நிலத்தில் இல்லை.

மதகும் மீள்தொடக்கமும்

மூன்று ஆட்டங்களிலும் பொதுவாக உள்ள ஒன்று, தவறினால் மீண்டும் தொடங்கலாம் என்பது. குளோயி பள்ளத்தில் விழுந்தால் நொடிகளில் மறுபடி விளிம்பில் நிற்கிறாள். நிலத்தில் எத்தடயமும் இல்லை. அதிரடி ஆட்டத்தின் இன்பமே இதில்தான் உள்ளது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நிலத்துக்குரிய வினைகள் பல இவ்விதிக்கு அடங்காதவை. செம்பரம்பாக்கத்தில் மதகைத் திறப்பது அத்தகையது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றின் கரையெங்கும் அதன் விளைவு எழுதப்பட்டது. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, முன்னரே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா என்பவை இன்றும் தீராத வழக்கு. விரைவும் கணிப்பும் உரிய நொடியைத் தவறவிடாமையும் அதிரடி ஆட்டத்தின் இலக்கணம் என்றால், அவ்வூரின் உச்ச அதிரடி வினை அந்த மதகடியில் உள்ளது. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் அமைத்து, அதன் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்து, தகுதிகளையும் கல்லில் வெட்டிவைத்ததற்குக் காரணம் இவ்வினையை மீளத் தொடங்க முடியாது என்பதுதான்.

வினையை நிலம் நினைவிற்கொள்ளும்படி செய்த அதிரடி ஆட்டங்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானிய ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'டீமன்ஸ் சோல்ஸ்' (2009), 'டார்க் சோல்ஸ்' (2011) ஆகியவற்றில், பிற ஆட்டக்காரர் இறந்த இடங்களில் குருதிக்கறை கிடக்கிறது. அதைத் தொட்டால் இறந்தவரின் கடைசி நொடிகள் நிழலுருவாக எழுந்து மறைகின்றன. எதிரி காட்டப்படுவதில்லை, வீழ்ச்சி மட்டும் காட்டப்படுகிறது. செங்கம் பகுதி நடுகற்கள் ஆநிரை மீட்டு வீழ்ந்தவனை அவன் வீழ்ந்த ஊரிலேயே, இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில் என்று எழுதி நிறுத்துகின்றன. குருதிக்கறைக்கு ஊர்ப்பெயரும் ஆண்டும் இல்லை. ஆனால் அவ்வழியே அடுத்து வருபவர் அங்கே ஒரு கணம் நிற்கிறார். வாளை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னினும் மெதுவாக நடக்கிறார்.