பல்லேடிய நுண்ணளவீட்டில் போர்பைரின் வினைப்பொருள்: கொல்லிமலை வட்டாரப் பாறைகளை முன்வைத்து ஒரு முறையியல் திறனாய்வு

கொல்லிமலை உச்சியில் சார்னோகைட்டுப் பாறை சிதைந்து உருவான பாக்சைட்டு, மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டியெடுக்கப்பட்டது. அதில் அலுமினியம் விழுக்காட்டுக் கணக்கில் அமைந்துள்ளது. அதே நாமக்கல் மாவட்டத்தின் மேற்கே, சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டுத் தொகுதியின் குரோமைட்டு அடுக்குகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பிளாட்டினக் குழுத் தனிமங்களைத் தேடியுள்ளது. அவற்றுள் ஒன்றான பல்லேடியம், நூறு கோடியில் இத்தனை பங்கு (பிபிபி) என்னும் அலகில் அளக்கப்படுவது. விலைமிகு கருவிகள் இல்லாத ஆய்வகங்களுக்கு நிறமாலை ஒளிமானியும் போர்பைரின் வினைப்பொருளும் நம்பிக்கை அளிக்கின்றன. அந்நம்பிக்கையின் எல்லையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முறையின் வலிமை ஐயத்திற்கு இடமற்றது. போர்பைரின் வளையத்தின் நான்கு நைட்ரஜன் அணுக்கள் பல்லேடியம்(II) அயனியைப் பிணைக்கின்றன. 400 நானோமீட்டரை அடுத்துத் தோன்றும் சோரே பட்டையில் மோலார் உறிஞ்சுதிறன் இலட்சக்கணக்கில் அமைகிறது. வினை மெதுவாக நிகழ்வதால் சூடேற்றல் தேவை. பின்னர்க் கரைசலை அமிலமாக்கினால், எஞ்சிய வினைப்பொருள் புரோட்டான் ஏற்று, அதன் பட்டை நீண்ட அலைநீளத்திற்கு நகர்கிறது. துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவற்றின் அணைவுகள் சிதைய, பல்லேடிய அணைவு நிலைத்து நிற்கிறது.

எனினும் இவ்வலிமை தூய கரைசலில் காணப்படுவது. பாறையில் நிலை வேறு. 10 பிபிபி பல்லேடியம் கொண்ட 1 கிராம் பாறைத்தூளில் இருப்பது 10 நானோகிராம். அதனை 10 மில்லிலிட்டர் கரைசலாக்கி, மோலார் உறிஞ்சுதிறன் 2 இலட்சம் எனவும் ஒளிப்பாதை 1 செ.மீ. எனவும் கொண்டால், பீர்-லாம்பர்ட் விதிப்படி உறிஞ்சளவு ஏறத்தாழ 0.002 மட்டுமே. சாதாரண ஒளிமானியில் இது பின்னணி அலைவிலிருந்து பிரித்தறிய இயலாத அளவு. 25 கிராம் தூளிலுள்ள பல்லேடியம் முழுவதையும் அதே பருமனுக்குள் திரட்டினால் உறிஞ்சளவு 0.05-ஐ நெருங்கும். ஆகவே, முடிவைத் தீர்மானிப்பது வினைப்பொருளின் உணர்திறனைவிட, மாதிரியின் எடையும் முன்செறிவூட்டலுமே.

இதனுடன் மூன்று இடர்ப்பாடுகள் சேர்கின்றன. முதலாவது, செம்பு. பாறையில் செம்பு பத்து இலட்சத்தில் 50 பங்கு இருப்பதாகக் கொண்டால், மேற்கண்ட பல்லேடியத்தைவிட அதன் மோல் எண்ணிக்கை எண்ணாயிரம் மடங்கிற்கும் மேல். செம்பு போர்பைரினுடன் விரைந்து வினைபுரியும். அதன் பட்டை பல்லேடிய அணைவின் பட்டையை ஒட்டியே அமையும். நீர்த்த அமிலத்தில் எளிதில் சிதையாது. இரண்டாவது, குரோமைட்டு இராசதிராவகத்தில் முழுமையாகக் கரைவதில்லை. அதனுள் அடைபட்ட பல்லேடியம் கணக்கில் வராது. மூன்றாவது, பிளாட்டினக் குழுக் கனிமங்கள் மைக்ரான் அளவுத் துகள்களாகச் சீரின்றிப் பரவியிருப்பதால், சிறு மாதிரி முழுப்பாறையின் சார்பாளராக அமையாது.

எனவே இம்முறையைப் பாறைக்குப் பயன்படுத்துவோர், நிக்கல் சல்பைடு உருக்காய்வு போன்ற திரட்டல் படியையும் செம்பைப் பிரிக்கும் படியையும் முதலில் நிறைவேற்றுதல் வேண்டும். சான்றளிக்கப்பட்ட பாறை மாதிரியில் கிடைத்த மீட்பளவையும், எடுத்த மாதிரியின் எடையையும், வெற்று மாதிரியின் அலைவையும் முடிவுகளோடு வெளியிடுதல் வேண்டும். செம்பின் உறிஞ்சலைப் பல்லேடியத்தின் கணக்கில் ஏற்றிய ஓர் எண், விளைநிலத்தைக் கனிம நிலமாகக் காட்டிவிடக்கூடும். கரையாத குரோமைட்டு, மெய்யான கனிமத்தை மறைத்துவிடவும் கூடும். தூய கரைசலின் அளவுகோட்டுப் படம் மட்டும் இவ்விரு பிழைகளையும் வெளிக்காட்டாது.