உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் போட்டி

ஃபேஷன் ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிபிசி 2013இல் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் சூயிங் பீ’. போட்டியாளர்கள் தொழில்முறைத் தையற்காரர்கள் அல்லர். வீட்டில் ஆசைக்குத் தைப்பவர்கள்.

வாரம் மூன்று சுற்று. கொடுத்த பேட்டர்ன்படி ஓர் உடை, பழைய துணியை வெட்டிப் புதிதாக ஒன்று, கடைசியில் ஒரு மாடலின் உடம்புக்கு அளவெடுத்து ஒன்று.

நடுவர்களுக்காகவே பார்க்கலாம். பேட்ரிக் கிராண்ட், லண்டன் சாவில் ரோவின் நார்ட்டன் அண்ட் சன்ஸ் தையலகத்தை நடத்தியவர். 2016இல் சேர்ந்த எஸ்மி யங், ‘பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி’ படத்தில் வரும் முயல் உடையைத் தைத்தவர். இருவரும் உடையின் வெளியழகோடு நிற்பதில்லை. உள்ளே திருப்பி, பிசிறு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜிப் நெளிகிறதா, கைக்குழியில் சுருக்கம் விழுகிறதா, தையல் சேரும் இடத்தில் கோடும் கோடும் பொருந்துகின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். அந்த விரல்கள் நகர்வதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

நம் ரவிக்கைத் தையலில் ‘கிராஸ் கட்டிங்’ என்போமே, அதுபோலச் சாய்வாக வெட்டிய துணி தைக்கும்போது இழுபட்டுப் படுத்தும். சரியாக அமைந்தால் உடம்போடு படியும். அந்தப் போராட்டத்தை அவசரப்படாமல் காட்டுகிறார்கள். நேரம் முடியப்போகையில் தன் வேலை முடிந்தவர் அடுத்த மேசைக்கு ஓடிப்போய்ப் பொத்தான் தைத்துக் கொடுப்பதும் இந்தப் போட்டியில் நடக்கும்.