இலத்தீன் முதுமொழிகளும் ஆங்கிலப் பொருளுரைகளும்: சூழல் இழப்பு குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: இலத்தீன் முதுமொழி, பொருளுரை, சூழல், வினைவடிவம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

இலத்தீன் தொடர்களை ஆங்கிலப் பொருளுடன் அகரவரிசையில் அடுக்கித் தரும் தொகுப்புகள், அகராதிகளின் பின்னிணைப்பாகவும் தனி நூல்களாகவும் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ஒரு தொடருக்கு ஒருவரிப் பொருள் என்பதே இவற்றின் பொது அமைப்பு. இப்பொருளுரைகள் சொல்லளவில் பெரும்பாலும் பிழையற்றவை. ஆயினும் ஒரு தொடர் யாரால், யாரிடம், எந்நோக்கில் கூறப்பட்டது என்பதை அவை விட்டுவிடுகின்றன. இவ்விடுபடல் தொடரின் பொருளையே திரித்துவிடுகிறது என்பதை மூன்று சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கொய்தலும் கைப்பற்றலும்

‘கார்ப்பே டியெம்’ என்பது கி.மு. 23 அளவில் வெளிவந்த ஹொரேஸின் பாடல் தொகுதியில், முதல் நூலின் 11ஆம் பாடலில் இடம்பெறுவது. ‘நாளைக் கைப்பற்று’ எனும் பொருள்படவே ஆங்கிலம் இதனை வழங்குகிறது. ஆனால் ‘கார்ப்பே’ என்னும் ஏவல்வினை கனியையும் மலரையும் பறித்தலைக் குறிக்கும். அப்பாடலில் லியூகோனோயி எனும் பெண்ணிடம் கவிஞர் சோதிடக் கணிப்பை நாட வேண்டா என்கிறார். மதுவை வடிக்கச் சொல்கிறார். நெடிய நம்பிக்கையை வெட்டிக் குறுக்கச் சொல்கிறார். கனிந்ததைக் கனிந்த பொழுதில் பறித்துக்கொள்ளும் அமைதியே அங்குள்ளது. கைப்பற்றுதல் என்ற வினையோ வேகத்தையும் வெற்றியையும் ஏற்றுகிறது. வாழ்வின் குறுமை பற்றிய கவிதை, முயற்சிக்கு ஊக்கமூட்டும் முழக்கமாகிவிடுகிறது.

வேண்டுதலும் கூற்றும்

‘மென்ஸ் சானா இன் கார்ப்பொரே சானோ’ என்பதற்கு ‘நலமான உடலில் நலமான உள்ளம்’ என்று பொருளுரைப்பர். இது ஜுவெனலின் 10ஆம் அங்கதப் பாடலின் இறுதிப் பகுதியில் வருவது. செல்வம், அதிகாரம், நீண்ட ஆயுள், அழகு ஆகியவற்றை வேண்டித் தெய்வங்களை நச்சரிக்கும் மாந்தரை அப்பாடல் எள்ளுகிறது. வேண்டியே ஆகவேண்டுமெனில் இதை வேண்டுக என்பதே கவிஞரின் முடிபு. ‘வேண்டுதற்குரியது’ எனும் பயனிலையை நீக்கிவிட்டுத் தொகுப்புகள் எஞ்சிய பகுதியை மட்டும் தருகின்றன. இப்போக்கு புதிதன்று. 1693இல் வெளிவந்த கல்வி பற்றிய நூலின் தொடக்கத்தில் ஜான் லாக் இதனை இன்பநிலையின் சுருக்க விளக்கமாக அமைத்தார். பின்னர் அது உடற்பயிற்சியின் முழக்கமாயிற்று. 1977இல் ஜப்பானிய நிறுவனமான ஆசிக்ஸ், ‘மென்ஸ்’ என்பதற்கு மாற்றாக ‘அனிமா’ எனும் சொல்லை இட்ட வடிவத்தின் முதலெழுத்துகளிலிருந்தே தன் பெயரை அமைத்துக்கொண்டது.

முறையீடும் குறிக்கோளும்

‘பள்ளிக்காக அன்று, வாழ்வுக்காகவே கற்கிறோம்’ எனும் பொருளுடைய தொடர் பல கல்வி நிலையங்களின் குறிக்கோளுரை. செனகா தம் 106ஆம் மடலில் எழுதியது இதற்கு நேர்மாறானது. நுண்தருக்கத்தில் காலம் கழிவதை நொந்து, ‘வாழ்வுக்காக அன்று, பள்ளிக்காகவே கற்கிறோம்’ என்று அவர் முறையிட்டார். பிற்காலத்தார் சொற்களை இடம்மாற்றி முறையீட்டைப் பெருமிதமாக்கினர். மாற்றப்பட்ட வடிவத்தைச் செனகாவின் பெயரிலேயே தரும் தொகுப்பு, அவர் கண்டித்ததையே மறைத்துவிடுகிறது.

எதிர்வாதமும் முன்மாதிரியும்

முதுமொழி மூலத்தினின்று பிரிந்து வாழ்வது இயல்பே. புதுப்பொருள் பெறுதல் பிழையாகாது எனலாம். இது ஏற்கத்தக்கதே. எனினும் புதுப்பொருளைப் பதிவதும் அதையே மூலப்பொருளாகக் காட்டுவதும் வேறு. இவ்வேறுபாட்டைப் பேணிய தொகுப்புக்கு எராஸ்மஸின் ‘அடாஜியா’ சான்றாகும். 1500இல் சிறுநூலாகத் தொடங்கி 4,000க்கும் மேற்பட்ட முதுமொழிகளாக விரிந்த அந்நூல், மூலத்தையும் வழக்கையும் உடன் உரைக்கிறது. ‘ஃபெஸ்தினா லென்டே’, அதாவது ‘மெல்ல விரை’ என்பதற்கு 1508ஆம் ஆண்டு வெனிஸ் பதிப்பில் அவர் நெடியதொரு கட்டுரையே வரைந்தார். பேரரசர் அகஸ்டஸ் விரும்பிய இத்தொடரைச் சுவெட்டோனியஸ் கிரேக்கத்திலேயே தருகிறார். இலத்தீன் முதுமொழியாக இன்று அறியப்படுவதே ஒரு மொழிபெயர்ப்பு என்பதை ஒருவரிப் பொருளுரை எவ்வாறு உணர்த்தும்?

தமிழாக்கத்திற்கான பயன்

ஆங்கிலப் பொருளுரையை மட்டும் நம்பும் தமிழாக்கம் அதன் திரிபையும் சேர்த்தே பெறுகிறது. ‘நாளைக் கைப்பற்று’ என்பதில் கூடுதல் இடர் ஒன்றுண்டு: ‘நாளை’ என்பது மறுநாளையும் குறிக்கும். ஹொரேஸ் நம்பவேண்டா என்றதோ மறுநாளைத்தான். பூக்கொய்தல் எனும் வழக்குடைய தமிழில் ‘இந்நாளைக் கொய்’ என்பது ஆங்கிலத்தினும் மூலத்திற்கு அணுக்கமாகும். சட்டத்துறையில் இத்தகைய தெரிவு முன்னரே நிகழ்ந்துள்ளது. ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்பதன் நேர்பொருள் உடலைக் குறிப்பினும், ‘ஆட்கொணர்வு’ எனும் தமிழ்ச்சொல் அவ்வாணை நிகழ்த்தும் செயலையே பெயராக்கியது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளில் ஏவலின் மென்மையும், வேண்டுதலும், முறையீடும் பொருளுரையில் மறைந்தன. சொற்கள் பெயர்ந்தன, பேச்சின் நோக்கு பெயரவில்லை. ஆகவே இத்தகைய தொகுப்புகளைத் தமிழில் உருவாக்குவோர் பொருளுடன் கூறியவர், கூற்றுச்சூழல், பிற்கால வழக்கு ஆகிய மூன்றையும் தருதல் வேண்டும். தொடர்களின் எண்ணிக்கை அதனால் குறையலாம், நம்பகத்தன்மை மிகும்.