தாரா சிங்கிடம் இல்லாத முகமூடி

“எல்லாம் செட்டப்புப்பா.” தொழில்முறை மல்யுத்தம் என்று பேச்செடுத்தால் சேரப்பணஞ்சேரி டீக்கடையில் விழும் முதல் தீர்ப்பு இதுதான். தீர்ப்புச் சொல்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவராக இருப்பார். நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய பையன் எதிர் பெஞ்சில் செல்போனில் முகமூடி மல்லர் ரே மிஸ்டீரியோவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மறுத்துப் பேசமாட்டான், பார்ப்பதை நிறுத்தவும் மாட்டான். செட்டப்பு என்பது அவனுக்கும் தெரியும். தீர்ப்பு சரிதான், ஆனால் வழக்கு வேறு எங்கோ இருக்கிறது.

முடிவு தெரிந்த சண்டையைக் கண்விழித்துப் பார்ப்பது இந்த வட்டாரத்துக்கு என்றைக்குமே கூச்சமான காரியமாக இருந்ததில்லை. காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்து முடியும்போது, களிமண்ணால் துரியோதனனை நெடுநீளத்துக்குப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துகிறார்கள். பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள் என்பது இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் அடி விழும்போது கூட்டம் அதிர்கிறது. துரியோதனனுக்காக ஒப்பாரி வைப்பவர்களும் உண்டு, துடைப்பத்தால் அவனைச் சாத்துபவர்களும் உண்டு. அங்கே எழுந்து நின்று இது செட்டப்பு என்று ஒருவர் சொன்னால் அவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நிஜ மல்லையும் தமிழ் பாடித்தான் இருக்கிறது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் சொல்லும்போது, எந்தக் கால் மார்பை அழுத்தியது, எந்தக் கால் பின்பக்கம் வளைத்தது என்று பிடியையே காட்டுகிறார். அதே கிள்ளியைப் பாடிய நக்கண்ணையாருக்குக் கண் கூட்டத்தின் மேல்: வென்றான் என்று ஒரு சாரார், இல்லை என்று இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவது வர்ணனைதான் நெருக்கம். சண்டை கூட்டத்துக்குள்ளும் நடக்கவேண்டும்.

நிஜச் சண்டை எப்போதும் அதற்கு இடம் தருவதில்லை. 1910இல் லண்டனில் காமா பயில்வானும் போலந்தின் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். மல்லாந்தால் தோற்போம் என்று அஞ்சி ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்து ஆட்டம் சமனில் முடிந்தது. 1928இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை மல்லாத்திவிட்டார். முதலாவது ஆட்டத்தில் டிக்கெட் வாங்கியவர் கொட்டாவி விட்டிருப்பார். இரண்டாவதில் வெற்றிலை மடித்து வாயில் போட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மல்யுத்தத்தைக் காசுக்குக் காட்டத் தொடங்கியவர்கள் முடிவை முன்பே பேசிவைத்ததற்கு ஏமாற்று மட்டும் காரணமில்லை. இருபது நிமிடத்துக்குள் ஏற்றம், இறக்கம், ஆத்திரம், நியாயம் எல்லாம் வந்து சேரவேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்தக் கணக்கை ஒரு மரபாகவே வளர்த்தெடுத்தது மெக்ஸிகோ. சால்வடோர் லுட்டெரோத் என்பவர் 1933இல் தொடங்கிய நிறுவனம் வேறு பெயரில் இன்றும் வாராவாரம் ஆட்டம் நடத்துகிறது. 1956இல் திறந்த அரேனா மெக்ஸிகோதான் அதன் கோயில். விதிப்படி மல்லுக்கு நிற்பவர் டெக்னிகோ, முரட்டுத்தனமாகக் கோல்மால் செய்பவர் ரூடோ. கூத்தில் கட்டை வேஷம் கட்டி வருபவரைக் கண்டதும் ஆள் யாரென்று தெரிவதுபோல், அங்கே முகமூடியைக் கண்டதும் தெரிந்துவிடும். முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றால் கழற்றவேண்டும், சொந்தப் பெயரைச் சொல்லவேண்டும், அதை மறுபடி போடக்கூடாது. ருடோல்ஃபோ குஸ்மான் வெர்தா 1942இல் வெள்ளி முகமூடி அணிந்து எல் சாந்தோ ஆனார். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் முகமூடியோடேயே நடித்தார். 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைச் சற்றே தூக்கி முகத்தைக் காட்டினார். அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 5ஆம் தேதி இறந்தார். முகமூடியோடுதான் புதைத்தார்கள். மகன் அதே வெள்ளி முகமூடியில் ஏற்கெனவே களத்தில் இறங்கியிருந்தார்.

இந்தச் சாந்தோவுக்குச் சமகாலத்தில் நம் பக்கம் ஒருவர் இருந்தார். அவர் முகமூடி போடவில்லை. அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் 1928இல் பிறந்த தாரா சிங், 1947இல் சிங்கப்பூர் போய் டிரம் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கிரேட் வேர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் மல் பழகினார். ஆலை வேலையும் உடம்பு வளர்ப்பும் ஒன்றாக நடந்த கதை என்பதால் ஒரகடத்துக்காரர்களுக்கு இது விளங்கும். மலாயாவில் பட்டம் வென்று ஊர் திரும்பியவர், 1954இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் ஆனார். 1959இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம், 1968இல் பம்பாயில் லூ தெஸை வென்று உலகப் பட்டம். ஹங்கேரியரான கிங் காங்குடன் அவர் போட்ட சண்டைகள்தான் ஊர் ஊராகப் பேசப்பட்டன. அந்த ஆட்டக்காரர்கள் மெட்ராஸுக்கும் வந்தார்கள், கொழும்புக்கும் போனார்கள். 1962இல் ‘கிங் காங்’ என்ற பெயரிலேயே தாரா சிங் நடித்த இந்திப் படம் வந்தது.

தாரா சிங்கின் பலம் அவர் மேல் ஜனங்கள் வைத்த நம்பிக்கை. லூ தெஸ் போன்ற தேர்ந்த மல்லரே அவரை அசல் மல்லர் என்று மதித்தார். பிடி தெரியாதவர் அந்த மரியாதையைப் பெற்றிருக்க முடியாது. ஆனால் 500 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர் என்று சொல்வார்களே, அதைப் போஸ்டர் எழுதியவரின் கணக்காகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். தோற்கவே தோற்காத நாயகனை வைத்து எத்தனை கதைதான் சொல்லமுடியும்? வெளிநாட்டு ராட்சதன் வருவான், நம்மூர்ச் சிங்கம் சாய்க்கும். சுதந்திரம் வந்த புதிதில் அந்த ஒரு கதைக்கு ஊரே திரண்டது. அதற்கு மேல் இன்னொரு கதை உருவாகவில்லை. 1983இல் டெல்லியில் அவர் ஓய்வு பெற்றதும் கூடாரமும் அவரோடு எழுந்து போய்விட்டது. அந்த ஆட்டத்தை வாராவாரம் நடத்த நிரந்தர அரங்கும் நிலைக்கவில்லை, அடுத்த ஆளை வளர்க்கும் கொட்டகையும் நிலைக்கவில்லை.

அவர் முகத்தை அடுத்தவர் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது என்பதுதான் விஷயம். இதற்கு வேடிக்கையான ஒரு சாட்சியும் இருக்கிறது. குஸ்தி பார்த்திராத நம் வீடுகளுக்குத் தாரா சிங் வந்தது 1987இல், தூர்தர்ஷன் ராமாயணத்தில், அனுமாராக. அங்கே அவர் முகத்தை மறைத்து ஒரு வேஷம் ஏறியிருந்தது. பின்னாளில் அவர் மகன் விந்து தாரா சிங் எடுத்துக்கொண்டது எது? அந்த அனுமார் வேஷத்தைத்தான். குஸ்தியை இல்லை.

மெக்ஸிகோ மரபின் வலு இதற்கு நேரெதிரானது. ரே மிஸ்டீரியோ என்பது முதலில் டிஹுவானாவைச் சேர்ந்த மாமா ஒருவரின் களப்பெயர். அவரிடம் பழகிய ஆஸ்கர் குடியெர்ரெஸ் 1989இல், 14 வயதில், களம் இறங்கி, பின்பு அதே பெயரைப் பெற்றார். ஐந்தடி ஆறங்குல உயரம். 2000களில் நம் பள்ளிக்கூடங்களில் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் டிரம்ப் கார்டு விளையாடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று எதைச் சொன்னாலும் மிஸ்டீரியோ கார்டு தோற்கும். யாருக்கும் அந்தக் கார்டு வேண்டாம், எல்லாருக்கும் அந்த ஆள் வேண்டும். எதிராளியைக் கயிற்றில் சாய்த்து, தான் கயிற்றுக்குள் சுழன்று வந்து முகத்தில் உதைக்கும் அந்த ‘சிக்ஸ் ஒன் நைன்’ சான் டியாகோவின் தொலைபேசிக் குறியீடு என்பது தெரியாமலேயே இங்கே வகுப்பறை பெஞ்சுகளில் அது ஆடப்பட்டது. எண்களால் பிடிக்கமுடியாத ஒரு லாகவம் அவருடையது. ஆஜானுபாகுவான தாரா சிங்கால் அந்தக் கதையைச் சொல்லியிருக்கவே முடியாது. பெரிய உடம்பு ஜெயிப்பதில் ஆச்சரியம் எங்கே இருக்கிறது?

இனிக் குறைகள். இவற்றைப் பட்டும்படாமல் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

முகமூடிக்குள் இருப்பவருக்குக் கதையின் மேல் அதிகாரம் கிடையாது. 1999 பிப்ரவரியில் மிஸ்டீரியோவின் முகமூடியை அமெரிக்க நிறுவனம் ஒன்று கழற்றவைத்தது. தனக்கு அதில் உடன்பாடில்லை என்று பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து டபிள்யூடபிள்யூஇக்கு வந்தபோது முகமூடி திரும்பி வந்தது. கழற்றியதை மறுபடி போடக்கூடாது என்ற மெக்ஸிகோ விதி என்ன ஆயிற்று என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை. 2005 நவம்பரில் அவருடைய நெருங்கிய நண்பர் எடி கெரேரோ இறந்தார். அந்த நிஜச் சாவையே கதையாக்கி அடுத்த ஏப்ரலில் மிஸ்டீரியோவுக்கு உலகப் பட்டம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, மே மாதமே நம்மூர் கிரேட் காளி அவரை நசுக்கிப் போடும்படி ஆட்டம் அமைத்தார்கள். பட்டம் இடுப்பில் இருக்கும்போதே சாம்பியன் சோப்ளாங்கி ஆனார். கூத்து வாத்தியாருக்குப் பாரதம் என்ற வரம்பு இருக்கிறது. பீமனைத் தோற்கடிக்க அவரால் முடியாது. தொலைக்காட்சி மல்யுத்தத்தில் கதை எழுதுபவருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது இந்தக் கலையின் உள்ளேயே இருக்கிறது. 2015 மார்ச் 20, டிஹுவானா. எதிரணியில் பெர்ரோ அகுவாயோ ஜூனியர், வயது 35. மிஸ்டீரியோவின் உதை வாங்கி, ‘சிக்ஸ் ஒன் நைன்’ வரும் என்று கூட்டம் காத்திருக்க, இரண்டாவது கயிற்றில் சாய்ந்து தொங்கினார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் ஆட்டத்தைச் சிறிது நேரம் தொடர்ந்தார்கள். மயங்கிக் கிடப்பதாக நடிப்பதுதான் அந்தக் கட்டத்தில் அவர் வேலை. அவர் அதைத்தான் செய்கிறார் என்று நினைத்தார்கள். பலகை ஒன்றில் வைத்துத் தூக்கிப் போனார்கள். பிழைக்கவில்லை. மிஸ்டீரியோவின் தவறு என்று நான் சொல்லவில்லை. வலியை நடித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட களத்தில் நிஜ வலி வந்தால் அதை அடையாளம் காண வழி இல்லை என்பதுதான் கோளாறு. நிஜக் காயம் என்றால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்துக் காட்டும் ஒரு சைகை இருக்கிறது. ஆனால் நடுவருக்கு முதலில் அது நிஜம் என்று தெரியவேண்டுமே. படுகளத்தில் இந்த ஆபத்து இல்லாததற்கு ஒரே காரணம், அங்கே அடி வாங்குவது மண் பொம்மை.

1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் மல்லர் ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கும்போது கீழே விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. அகுவாயோ விஷயத்தில் தெரியாமல் தொடர்ந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். இங்கே தெரிந்தே தொடர்ந்தார்கள்.

‘செட்டப்பு’ என்பதை டபிள்யூடபிள்யூஇ முதலாளிகளே எப்போது ஒப்புக்கொண்டார்கள் தெரியுமா? 1989இல், நியூ ஜெர்சி மாநில செனட் முன்னால். இது போட்டி அல்ல, வெறும் கேளிக்கை என்றார்கள். போட்டி என்றால் விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பும் வரியும் வரும். கேளிக்கை என்றால் இல்லை. உண்மையைச் சொன்னது நேர்மைக்காக இல்லை, செலவு மிச்சம். மெக்ஸிகோ நகரில் மல்லர்களுக்கு உரிமம் தர ஓர் ஆணையம் இருக்கிறது, தேர்வும் உண்டு. அதனால் அங்கே எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது, டிஹுவானாவே சாட்சி. ஆனாலும் அந்தக் கலையை 2018இல் மெக்ஸிகோ நகரம் தன் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தபோது அந்த அறிவிப்புக்குக் கீழே கொஞ்சம் தரை இருந்தது.

டபிள்யூடபிள்யூஇயின் மல்லர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். எங்கே, எப்போது, யாரிடம் தோற்கவேண்டும் என்பதை நிறுவனம் சொல்லும். ஏட்டில் மட்டும் அவர்கள் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். ஒரகடம் கேட்டுகளில் காண்ட்ராக்ட் அட்டை மாட்டிக்கொண்டு நுழைபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்களுக்காவது பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தார்களா என்று கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. முழங்காலை மாற்றி மாற்றி அறுவை செய்துகொண்ட மிஸ்டீரியோ பெரும் பணம் பார்த்தவர், சமாளித்துவிடுவார். அவருக்காக விழுந்து கொடுத்த பெயர் தெரியாத ஆட்கள்தான் கணக்கில் வராதவர்கள். விழத் தெரிந்தவர் இல்லாமல் பறக்கத் தெரிந்தவருக்குப் பெயர் இல்லை.

ஜலந்தரில் காளி 2015இல் பயிற்சிக்கூடம் தொடங்கினார். தாரா சிங் விட்டுப் போகாத கொட்டகையை அவர் போட்டிருக்கிறார், அதற்கு அவரைப் பாராட்டவேண்டும். ஆனால் அங்கிருந்து போகிற பையன்களின் இலக்கும் அமெரிக்க ஒப்பந்தம்தான். மெக்ஸிகோவின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஏஏஏவை வாங்குவதாக 2025இல் டபிள்யூடபிள்யூஇ அறிவித்துவிட்டது. மாமாவிடமிருந்து மருமகனுக்குப் போன முகமூடிகள் இனி ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் வரும் என்பதை அங்குள்ள குடும்பங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நல்லது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து சற்று தூரத்தில், சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நின்றார்கள். மறுவருடம் ஜனவரியில் சங்கம் பதிவானது. மல்யுத்தத்தில் அதே கோரிக்கையை 1986இலேயே ஒருவர் எழுப்பினார். ஜெஸ்ஸி வெஞ்சுரா சக மல்லர்களைக் கூட்டிச் சங்கம் வைப்போம் என்றார். விஷயம் முதலாளி வின்ஸ் மக்மேனின் காதுக்குப் போனது. போட்டுக்கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்பது பிறகு வெஞ்சுரா தொடுத்த ராயல்டி வழக்கின் சாட்சியத்தில் வெளியானது. வழக்கில் அவருக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது, 1999இல் மினசோட்டாவின் ஆளுநராகவும் ஆனார். டபிள்யூடபிள்யூஇயில் சங்கம் இன்றுவரை வரவில்லை.