மூன்றாம் பத்தியை விட்டுவிட்டு யாருக்குப் புதிய சட்டம்?

அரசியலமைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்கிற குரல் நமக்குப் பழகியதுதான். 2000இல் வாஜ்பாய் அரசு வெங்கடாசலையா தலைமையில் மறுஆய்வு ஆணையம் வைத்தது. அரசியலமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அப்போதே கேட்டார். 2023 ஆகஸ்டு 15 அன்று, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பிபேக் தேப்ராய் ‘மின்ட்’ நாளிதழில் அதே பேச்சை மறுபடி எடுத்தார். நம்முடைய சட்டம் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிச்சம், வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்பது அவர் வாதம்.

இதை 1948லேயே அரசியல் நிர்ணய சபைக்குள் ஒரு தலித் பெண் சொல்லிவிட்டார். கொச்சிப் புலையர் சமூகத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன். ஆனால் அவர் கேட்டது, அதிகாரம் டெல்லியில் குவியாமல் கீழே இறங்க வேண்டும் என்று. தேப்ராய் கேட்டதோ, சமத்துவம், நீதி, மதச்சார்பின்மை என்ற சொற்களுக்கு இன்று என்ன பொருள் என்று. குறை ஒன்றுதான், கேட்கிறவர் நிற்கிற இடம் வேறு.

‘அம்பேத்கரே எரிப்பேன்னு சொன்னாரே’ என்று நம்மிடமே வருகிறார்கள். 1953இல் மாநிலங்களவையில் சொன்னார்தான். தெய்வத்துக்குக் கட்டிய கோயிலில் பேய் குடியேறிவிட்டது என்று 1955இல் காரணமும் சொன்னார். பேயை விரட்டச் சொன்னவரின் பெயரைச் சொல்லிக் கோயிலைப் பேய்க்கே எழுதிக்கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்?

நாஞ்சில் நாட்டில் நின்று இதைப் பார்க்கிறேன். மயிலாடியில் சாம்பவர் குடியில் பிறந்த மகாராசன், வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பை ஏற்று 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் திருவிதாங்கூருக்குள் வந்தார். சாதிக்கொடுமைக்குத் தப்பி அவர் வழியில் போன சனங்களுக்கு, 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கதவைச் சாத்தியது. இந்து அல்லாதவன் பட்டியல் சாதி இல்லையாம். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இல்லை. தனித்தொகுதியில் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுக்காது. ‘ஏசுவைக் கும்பிட்டா சாதி போயிருமா வே? ஊர்க்காரன் விட்டிருவானா?’ என்று எங்க ஆளுக கேட்பதற்குப் பதில் இல்லை.

இந்தப் பத்தியை அழிக்கப் புதிய அரசியலமைப்பு வேண்டாம், திருத்தம்கூட வேண்டாம். 341ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்று போட்டால் போதும். நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

ஒரு பத்தியைத் தொட மனசில்லாதவர்களுக்கு 395 பிரிவையும் மாற்றி எழுத ஏன் இத்தனை அவசரம்? 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு, அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்த முடியாது என்று வேலி போட்டது. திருத்தித் தாண்ட முடியாத வேலியைப் பிடுங்கி எறியத்தான் புதிதாக எழுதணும் என்கிறார்கள். அந்த வேலிக்குள்தான் நம் சமத்துவ உரிமையும் இருக்கிறது.

எழுதுகிறவர்கள் வரட்டும். முதலில் மூன்றாம் பத்தியை அழித்துக் காட்டட்டும். மீதியைப் பிறகு பேசுவோம்.