நாயன்மார் நாவலும் நன்னூற் பாயிரமும்

திருத்தொண்டர் வரலாறுகளை நாவலாக எழுதி, எழுதியவர் தாமே அச்சிட்டுத் தாமே விற்கும் வழக்கம் இந்நாளிற் பெருகி வருகின்றது. பதிப்பகத்தார் வாயிலிற் காத்திருத்தல் வேண்டா. ஐம்பது படி வேண்டின் ஐம்பது படியே அச்சிட்டுக் கொடுக்கும் அச்சகங்கள் உள. தாளும் மையும் இன்றியே கிண்டில் முதலிய கருவிகளிற் படித்தற்கு நூலை ஏற்றி வைத்தலும் எளிதாயிற்று. சமய நூல்களும் அடங்க நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்புதற்கு அஞ்சல் துறையார் 2025 மே மாதத்தில் ‘ஞான் போஸ்ட்’ என ஒரு முறையையும் தொடங்கினர். நூலாசிரியன் தன் நூலைத் தானே விற்றல் புலமைக்கு அடாத தொழில் என்று முதியோர் சிலர் முணுமுணுப்பர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டிற் சென்னை போந்து அச்சுப்பொறி கொண்டு யாழ்ப்பாணம் மீண்டு, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். பெரியபுராண வசனத்தை 1852 இல் வெளியிட்டார். எழுதினவரும் அவரே, அச்சிட்டவரும் அவரே. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1887 இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, முன்னரே கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டி, அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் பட்ட பாட்டினை அவர்தம் சரிதத்திற் கண்டு கண்ணீர் விடாதார் யார்? மறைமலையடிகளோ பல்லாவரத்திற் சொந்த அச்சுக்கூடமே வைத்திருந்தார், நாவலும் எழுதினார். ஆகலின் நாவல் என்பது பற்றியோ, தாமே விற்றல் என்பது பற்றியோ யாம் வழக்காட வந்தேமல்லேம். எமது வழக்கு வேறு.

எம்பால் இளமையில் இலக்கணம் கேட்ட அன்பர் ஒருவர், உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற பின், மங்கையர்க்கரசியாரைத் தலைவியாக வைத்து நாற்பத்திரண்டு அதிகாரங்களில் ஒரு நாவல் இயற்றினார். ஓய்வுக்காலத்திற்கென வைத்திருந்த பொருளிற் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆயிரம் படி அச்சிட்டார். அவர் பெயரும் நூலின் பெயரும் ஈண்டு வேண்டா. அச்சேறுமுன் அணிந்துரை வேண்டி வந்தார். யாம் முதற் பத்து அதிகாரங்களைப் படித்து, நடை நன்றாயிருத்தல் கண்டு, எஞ்சியனவும் அவ்வாறே இருக்கும் எனக் கொண்டு எழுதிக் கொடுத்தேம். முழுவதும் படியாது அணிந்துரை கொடுத்தது எமது பிழை. அதனை இப்பத்திரிகையில் ஒப்புக்கொள்ளுதலும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்றாம்.

“சேக்கிழார் திருவாக்கை ஆதாரமாகக் கொண்ட இடங்களில் ஆசிரியர் நடை சிறக்கின்றது” என்பது யாம் எழுதிய வாக்கியம். நூலின் பின்னட்டையில், “சேக்கிழார் திருவாக்கை ஆதாரமாகக் கொண்டது” என்பது மாத்திரம் எம் பெயரோடு நின்றது. அதன்மேல், ஆயிரத்து நானூறு ஆண்டு மறைக்கப்பட்ட உண்மை இது எனக் கொட்டை எழுத்து. முகப்பிற் கழுமரங்களின் வரிசை. நூற்குரிய ஐ.எஸ்.பி.என் எண்ணையும் அரசாங்கத்தார் அளித்த நற்சான்று போல விளம்பரத்திற் காட்டியிருந்தனர். அவ்வெண், இராசா ராம்மோகன் ராய் பெயரால் அமைந்த நிறுவனத்தார் கேட்டார்க்கெல்லாம் விலையின்றி வழங்குவது. புத்தகத்தை அடையாளம் காண உதவுவதன்றி அதனுள் உள்ள பொருளின் மெய்ம்மைக்கு எவ்வாற்றானும் சான்றாகாது.

இவற்றையெல்லாம் விற்போர் மிகை எனப் பொறுத்துக் கொள்ளலாம். பொறுக்கலாகாதது மூன்றாம் அதிகாரத்திலும் முப்பதாம் அதிகாரத்திலும் வரும் ஒரு செப்பேடு. வைகைக் கரையிற் கிடைத்ததாக அதனை வருணித்து, ‘ஸ்வஸ்திஸ்ரீ’ முதலாக வாசகமும் புனைந்து, குலச்சிறையார் எழுதுவித்தது என்று நாவலாசிரியர் கூறுகின்றார். அப்படி ஒரு செப்பேடு எங்கும் இல்லை. கதைக்குள் ஒரு பாத்திரம் செப்பேடு கண்டெடுத்தல் புனைவோர்க்கு உரிய உரிமையே. ஆயின் விற்பனை நிமித்தம் அன்பர் செய்தது யாதெனின், அவ்வாசகத்தைத் தனியே பெயர்த்து, பழைய சாசனம் போலப் படமும் எழுதுவித்து, வாட்ஸப் வாயிலாகப் பரப்பியமையே. சென்ற மார்கழியில் ஒரு திருக்கோயிலில் நிகழ்ந்த சொற்பொழிவில், சொற்பொழிவாளர் அச்செப்பேட்டை வரலாற்றுச் சான்றாக எடுத்துரைப்பக் கேட்டேம். கேட்டிருந்தோர் தலையசைத்தனர். முன்வரிசையில் இருந்த யாம் நாணத்தாற் குனிந்தேம். பொய்ச் சான்று பிறந்த நூலின் பின்னட்டையில் எம் பெயர் இருந்ததன்றோ?

மெய்ச் சான்று இல்லாத வறுமையால் அவர் இது செய்தார் எனின் இரங்கலாம். மங்கையர்க்கரசியாரையும் குலச்சிறையாரையும் திருஞானசம்பந்தர் தம் திருவாலவாய்ப் பதிகத்தில் மாறி மாறிப் பெயர் கூறிப் போற்றியிருக்கின்றார். உடன் வாழ்ந்தார் வாக்கினும் வலிய சான்று யாது? சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நின்றசீர் நெடுமாறரை நெல்வேலிப் போர் வென்றவர் என்று குறிக்கின்றார். எட்டாம் நூற்றாண்டிற் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு, அவன் முன்னோனாகிய அரிகேசரி நெல்வேலியில் வென்ற செய்தியைக் கூறுகின்றது. திருமுறையும் செப்பேடும் ஒன்றனையொன்று தழுவும் இத்தகைய இடம் எத்துணை அரிது! அன்பரின் நாவலில் நெல்வேலி என்னும் சொல்லே வந்திலது. பொன் கையிலிருக்கப் பித்தளைக்கு முலாம் பூசினார்.

இன்னும் ஒன்று. அவ்வேள்விக்குடிச் செப்பேடு தோன்றிய காரணத்தை அதுவே கூறுகின்றது. களப்பிரராற் பறிபோன ஊரைத் தன் முன்னோர்க்குப் பழைய பாண்டியன் கொடுத்தான் என ஒருவன் முறையிட, அப்பழமையை நாட்டாரைக் கொண்டு காட்டுக என அரசன் கேட்டான்; அவன் காட்டிய பின்னரே ஊர் மீண்டது. பழையது என்று சொன்ன அளவில் அரசன் நம்பினானல்லன். அன்பர் கற்பனை செய்த செப்பேட்டைப் பார்த்தவருள் அவ்வினாவை வினவினார் ஒருவரும் இலர்.

பண்டு நூல் உலகிற்குப் போந்த முறையை ஈண்டு நினைத்தல் தகும். நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது. அதனைச் செய்தற்குரியார் தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என நன்னூலார் நால்வரை வகுத்தார். தற்புகழ்ச்சி தகாது என்று பொதுவாக விலக்கிய அவரே, அரசவையில் ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாது வெல்லும்போதும், எதிரி பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என விதியும் வகுத்தார். தாமே நூல் வெளியிடுவார் அறியாதாரிடத்துத்தான் செல்கின்றனர். ஆகலின் அவர் விளம்பரம் செய்தல் இலக்கணத்திற்கு மாறன்று. எம்மினும் பழைமை பேசுவார் இதனைக் குறித்துக் கொள்க.

ஆனாற் பாயிரம் கூறவேண்டியவற்றுள், ஆக்கியோன் பெயர், நூற்பெயர் முதலியவற்றோடு ‘வழி’ என ஒன்று உண்டு. இந்நூல் எதனை முதலாகக் கொண்டு வந்தது என்பது அது. சேக்கிழார் பெருமான் தம் விரிநூலுக்குச் சுந்தரர் தொகையும் நம்பியாண்டார் நம்பியின் வகையும் முதல் என்பதை மறைத்தாரல்லர். அநபாயன் அந்நூலை யானைமேல் ஏற்றி வலம் வந்தான் என்பது சேக்கிழார் புராண வரலாறு. இதனினும் பெரிய விளம்பரம் எந்நூலுக்குக் கிடைத்தது? ஆனால் யானை வந்தது தில்லையில் ஓராண்டு அரங்கேற்றம் நிகழ்ந்த பின்னர். இன்று அரங்கேற்றம் இல்லை. யானை மாத்திரம் முதல் நாளே வந்துவிடுகின்றது. நாவலர் பெருமானும் வரலாற்றை வசனத்தில் வைத்து, தாம் கூறக் கருதியவற்றைச் சூசனம் என வேறாக எழுதினார்.

முகப்பிலுள்ள கழுமரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கழுவேற்றத்தைக் கூறுவார் நம்பியாண்டார் நம்பி முதலிய பிற்காலத்தாரே. அக்காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அதனைக் கூறக் காணோம். சேக்கிழார் கூறுமிடத்தும், வாதில் தோற்பின் கழுவேறுவேம் எனச் சமணர் தாமே சூளுரைத்தமையை வைத்து, சில பாட்டிற் கடந்து செல்வர், விரித்து மகிழ்ந்தாரல்லர். நம் அன்பரோ அதற்கு மூன்று அதிகாரம் கொடுத்தார். விளம்பரம் முழுவதும் அதுவே. விழுப்புரம் மாவட்டத்து மேற்சித்தாமூரில் இன்றும் சமண மடம் உள்ளது. தமிழ் பேசும் சமணர் நம் அயலில் வாழ்கின்றனர். அவர் வீட்டுப் பிள்ளை இம்முகப்பைக் கடைவீதியிற் கண்டால் நம் சமயத்தைப் பற்றி யாது எண்ணும்? மேற்காட்டிய பாயிர விதியை நமக்கு அளித்த பவணந்தியார் சமண முனிவர். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் சங்கரநமச்சிவாயர் செய்த அந்நூல் விருத்தியுரையைத் திருத்திப் புதுக்கினார். அவ்வுரை கொண்டே எம்போல்வார் மடத்தில் இலக்கணம் கற்றேம். அன்பரும் எம்மிடம் கற்றது அந்நூலே.

வழி கூறினால் விற்பனை குன்றும் என்று அன்பர் அஞ்சுகின்றார். கல்கி கிருஷ்ணமூர்த்தியவர்கள் 1944 முதல் தம் இதழிலேயே சிவகாமியின் சபதத்தை வாரந்தோறும் எழுதினார். சேக்கிழார் வாதாவிக்குப் படையொடு சென்றார் என்று கூறிய சிறுத்தொண்டரே அதில் வரும் பரஞ்சோதி. நரசிங்கவர்மன் 642 ஆம் ஆண்டில் வாதாவியைக் கொண்டது வரலாறு. சிவகாமியும் நாகநந்தியும் கற்பனை. அது கற்பனை என்று அறிந்த பின்னரும் அந்நாவலைப் படிப்பார் குறைந்திலர். நாயனாராகிய பரஞ்சோதியாரைப் பிறர் காதற்கதைக்கு நடுவே நிறுத்தியது எமக்கு முழுதும் உவப்பன்று. அது வேறு பேச்சு.

நாவலின் படிகளில் ஏறத்தாழ முந்நூறு இன்னும் அன்பர் வீட்டில் உள்ளன. அவற்றின் முதற் பக்கத்தில் ஒட்டுதற்கு ஒரு தாள் எழுதி அனுப்பினேம். இன்ன அதிகாரங்கள் சேக்கிழார் வாக்கு, இன்னவை தேவார அகச்சான்று, செப்பேடு முற்றும் ஆசிரியர் புனைவு, பின்னட்டையில் உள்ள எமது வாக்கியம் முழுமையாக இது என்பன அதில் உள்ள செய்திகள். முகப்பை மாற்றுதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை யாமே ஏற்பதாகவும் எழுதினேம். வாட்ஸப்பிற் சென்ற படத்திற்கு அவர் தம் கைப்பட மறுப்பு எழுதி அதே குழுக்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது எமது மற்றொரு வேண்டுகோள். கடிதம் சேர்ந்து இருபது நாள் ஆயின. மறுமொழி இன்னும் வந்திலது.